கியோன் பகுதிக்குள் வெளிநாட்டவர் போகவே கூடாதா?

"ஜப்பானின் கியோத்தோ நகரில், கியோன் பகுதிக்குள் வெளிநாட்டவர் நுழையத் தடை. மீறினால் 10,000 யென் அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அபராதத் தொகை சரி, மற்றது தவறு.

2024-இல் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்டவை அங்குள்ள சில குறுகிய சந்துகள் மட்டுமே. அவை தனியாருக்குச் சொந்தமானவை. தடை போட்டது அரசு அல்ல, அந்தப் பகுதி மக்களின் சங்கம். பாரம்பரிய நடன, இசைக் கலைஞர்களான கெய்கோக்களும் (கெய்ஷாக்களைக் கியோத்தோவில் இப்படித்தான் அழைப்பார்கள்), பயிற்சியில் இருக்கும் மைக்கோக்களும் தேநீர் விடுதிகளுக்கு நடந்து போகும் வழி அது. பயணிகள் அவர்களைத் துரத்திப் படமெடுத்தார்கள், சிலர் கிமோனோவைப் பிடித்துக்கூட இழுத்தார்கள். 2019-லேயே இந்தச் சந்துகளில் படமெடுக்கத் தடை வந்தும் தொல்லை ஓயவில்லை. வேலைக்குப் போகிற பெண்ணை வழிமறித்துப் படமெடுப்பது எந்த ஊரிலும் அநாகரிகம்தான். அந்த மக்களின் கோபம் முற்றிலும் நியாயமானது.

சரி, அப்படியானால் எங்கே போகலாம்? முக்கியத் தெருவான ஹனாமிகோஜி பொதுச் சாலை, தாராளமாக நடக்கலாம். பக்கத்திலுள்ள யாசகா ஆலயமும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மைக்கோக்களின் நடனத்தைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஏப்ரலில் போவது நல்லது. 1872-இல் தொடங்கிய 'மியாகோ ஓதோரி' என்ற நடன விழா அந்த மாதத்தில்தான் கியோனில் நடக்கும். டிக்கெட் எடுத்து, அரங்கில் உட்கார்ந்து நிம்மதியாகப் பார்க்கலாம்.

சந்தின் வாசலில் தடைப் பலகை இருந்தால் மட்டும் உள்ளே போகாதீர்கள்.