திண்ணைக்கு இடம் விடாத வீடு

போன வாரம் புதுச்சேரியில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வைசியாள் வீதியிலிருந்து நடக்கிற தூரம். பக்கத்து வீட்டை இடித்துவிட்டு நான்கு மாடி எழுப்பியிருக்கிறார்கள். பழைய சொந்தக்காரர்கள் பிரான்சில் இருக்கிறார்கள், வாரிசுகள் ஏழு பேர். விற்றதில் எனக்கு வருத்தமில்லை. ஏழு பங்கு போடுகிற வீட்டில் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மொட்டைமாடி) ஒழுகினால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடி யார் அலைவது?

என் ஆதங்கம் வேறு. அங்கே வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்பவை, நடுவில் பொதுச்சுவர். ஒன்றை இடித்ததும் இத்தனை காலம் மழையே பார்க்காத பெரியம்மா வீட்டுச் சுவர் நனைய ஆரம்பித்துவிட்டது. அஸ்திவாரம் தோண்டியதில் முற்றத்து ஓரம் விரிசல். சரி, அதையெல்லாம் பூசிக்கொள்ளலாம். புது வீட்டின் கீழ்த்தளத்தை என்ன செய்வது? கார் நிறுத்த வெறும் தூண்கள், முன்னால் இரும்பு கேட். வெயிலுக்குப் பயந்து தாழ்வாரத்து நிழலிலேயே நடந்து வரும் பூக்கார அம்மா அந்த இடத்தில் மட்டும் ரோட்டில் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது.

தமிழர் பகுதிப் பழைய வீடுகளில் கதவைத் தொடுவதற்கு முன்பே இரண்டு இடம் உண்டு. மரத்தூணும் சரிவான ஓட்டுக்கூரையுமாய் இருக்கும் தாழ்வாரம், வழிப்போக்கர்களுக்கு. அடுத்தது திண்ணை, தெரிந்தவர்களுக்கு. ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வீடுகள் இதற்கு நேர்மாறு: உயர்ந்த மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம். இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. கீழே திண்ணை, மாடியில் வளைவு ஜன்னல்கள். அந்த மாடி கட்டப்பட்டபோது அதுவும் புதுசுதான். ஆனால் கட்டியவர் கீழே இருந்த திண்ணையைத் தொடவில்லை.

'பாரம்பரியமாகக் கட்டு' என்று சொன்னால் உடனே மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். திறக்கவே முடியாத மரச் சட்ட ஜன்னல், தட்டினால் டொக்கென்று சத்தம் வரும் தூண்கள், அதன் மேல் ஏசி டப்பா. ஒரு தங்கும் விடுதியில் அழகாகத் திண்ணை கட்டி, மேலே முழுக்கப் பூந்தொட்டி அடுக்கியிருந்தார்கள். உட்காரப் போனேன், காவலாளி எழுப்பிவிட்டார்.

இதே ஊரில்தான் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்டே விடுதியும் இருக்கிறது. 1937-இல் தொடங்கிய வேலை. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட். அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் நகாஷிமா இங்கேயே தங்கிக் கட்டுமானத்தைக் கவனித்தார். ஐதராபாத் திவானாக இருந்த அக்பர் ஹைதரி வழியாகப் பணம் வந்ததால், ஐதராபாத் பக்கத்துக் கோட்டையான கோல்கொண்டாவின் பெயர். அலங்காரம் இல்லாத கான்கிரீட் கட்டடம். பழைய வீடுகளிலிருந்து ஒரு வளைவைக்கூடக் கடன் வாங்கவில்லை. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் வரிசையாகக் கிடைமட்டப் பலகைகள், வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்பத் திருப்பிக்கொள்ளலாம். பிரெஞ்சு வீட்டு மர ஜன்னல் செய்கிற அதே வேலை! மதிலுக்குள் தோட்டத்தோடு அடக்கமாக நிற்பதால், கட்டிய காலத்துக்கு அது எவ்வளவு புதுமை என்பது வீதியில் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக் காலத்து நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். 'டூப்ளிகேட்' என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை; அது ஊர்ப் பொதுக் கட்டடம், எல்லோர் நினைவிலும் இருந்த முகம். ஆனால் அந்தச் சலுகையை நேற்று முளைத்த லாட்ஜுக்கும் கொடுக்க முடியாது.

வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு சுமார் 20 வீடுகளின் முகப்பைச் சீர்செய்தார்கள், 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. வீட்டைத் தனித்தனியாகப் பார்க்காமல் வரிசையாகப் பார்த்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. நம் கட்டட அனுமதித் தாள்களில் அந்தந்த மனை மட்டும்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு வாசல் எந்த உயரத்தில் நிற்கிறது என்று கேட்க அதில் ஒரு கட்டம் இருந்தால் என்ன?

பெரியம்மா வீட்டுக்கு எதிரே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீடு கட்டப்போகிறார். காரை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபக்கம் ஆறடித் திண்ணை போடுங்கள் என்று நச்சரித்துவிட்டு வந்திருக்கிறேன். "திண்ணை வெச்சா கண்டவனும் வந்து உக்காருவான் சார்" என்றார் மேஸ்திரி. "அதுக்குத்தானேப்பா" என்றார் வாத்தியார். அவர் வீட்டம்மாதான் இன்னும் சம்மதிக்கவில்லையாம்.