குட்டியானை வாங்கும் படலம்

(நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துத் திண்ணை. பக்கிரிசாமி கைபேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். வசந்தா உளுந்து புடைக்கிறாள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று நின்று பழகிய பொறுமை அவளுக்கு.)

பக்கிரி: முடிவு பண்ணிட்டேன் வசந்தா. புரோக்கர் படம் அனுப்பியிருக்கான். 2014 மாடல் குட்டியானை, அதான் அந்தச் சின்ன லோடு வண்டி. இனிமே வாடகை வண்டிக்கு எவன் வாசலிலும் நிற்க வேண்டாம்.

வசந்தா: போன வருஷம் எத்தனை தடவை நின்றீங்க?

பக்கிரி: உரம் ஏற்ற ஒரு தடவை. தங்கச்சி வீட்டுக் கட்டிலுக்கு ஒரு தடவை. அப்புறம் கன்றுக்குட்டி.

வசந்தா: கன்றுக்குட்டி நடந்தே வந்தது. நீங்கதான் பின்னாலேயே ஆட்டோவில் வந்தீங்க.

பக்கிரி: சரி, அதை விடு. நெல்லு? அறுப்பு மெஷின் எல்லார் வயலிலும் ஒரே வாரத்தில் இறங்குது. அன்றைக்குப் பார்த்து ஊரில் ஒரு வண்டி கிடைக்காது. மேலே மேகம், கீழே நெல்லு, நடுவில் நான்!

வசந்தா: போன சம்பாவில் நம்ம ஒன்பது மா நிலத்துக்கு எத்தனை சிப்பம் நெல்லு போட்டோம்?

பக்கிரி: 180.

வசந்தா: சிப்பம் 40 கிலோ. உங்க யானை எவ்வளவு தூக்கும்?

பக்கிரி: 750 கிலோ!

வசந்தா: (முறத்தை ஒரு தட்டு தட்டி) அப்போ 18 சிப்பம். கொள்முதல் நிலையத்துக்குப் பத்து நடை. டிராக்டர் டிப்பர் இரண்டே நடையில் முடிச்சுடும். உங்க பத்தாவது நடைக்குள் நெல்லு முளைச்சு, நாற்றாவே பறிச்சுடலாம்.

பக்கிரி: கொஞ்சம் கூட ஏற்றினால்?

வசந்தா: நம்ம வாய்க்கால் பாலத்திலா? அது உங்க சைக்கிளுக்கே முனகுது.

பக்கிரி: ...

வசந்தா: எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி., அதான் தகுதிச் சான்றுக்கு, காட்டணும். ஓடினாலும் காட்டணும், தென்னை மரத்தடியில் நின்றாலும் காட்டணும். இன்சூரன்ஸ் தனி.

பக்கிரி: ஊரில் ஒரு மதிப்பு இருக்கும்ல?

வசந்தா: எதிர்வீட்டு அண்ணனைக் கேளுங்க அந்த மதிப்பை! கல்யாணமா, பந்தல் சாமான் அவர் வண்டியில். திருவிழாவா, ஜெனரேட்டர் அவர் வண்டியில். சாவா, ஐஸ் பெட்டி அவர் வண்டியில். டீசல் மட்டும் அவர் காசில். சாவு வீட்டில் போய் டீசலுக்குக் காசு கேட்க யாருக்கு வாய் வரும்?

பக்கிரி: அவர் ஏமாளி. நான் கறாரா இருப்பேன். நீ வண்டியைப் பாரேன், எவ்வளவு லட்சணமா நிற்குது!

(வசந்தா வாங்கிப் பார்க்கிறாள். நம்பர் பிளேட்டில் துணி சுற்றியிருக்கிறது. வண்டியின் பின்பக்கத்தை விரலால் பெரிதாக்குகிறாள். நெடுநேரம் பார்க்கிறாள்.)

வசந்தா: ஏங்க... இதில் காயுறது நம்ம மோர்மிளகாய்.

பக்கிரி: ஆங்?

வசந்தா: தட்டும் நம்ம தட்டுதான், ஓரம் நசுங்கினது. அண்ணன் வண்டியைத்தான் விற்கப் பார்க்கிறார்.

பக்கிரி: அடக் கடவுளே! அப்போ ஐப்பசியில் அத்தை வீட்டு பீரோவை யார் வண்டியில் ஏற்றுறது?

வசந்தா: எழுந்திருங்க, சட்டையை மாட்டுங்க. விற்க வேண்டாம்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டு வாங்க. வரும்போது தட்டை எடுத்துட்டு வாங்க, மழை வருது.