மூன்றாம் கிளாரினெட்டின் பார்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள்

பள்ளி பேண்டாக இருந்தாலும் சரி, வேலை முடிந்து வாரம் ஒருமுறை கூடி வாசிக்கும் பெரியவர்களின் கான்சர்ட் பேண்டாக இருந்தாலும் சரி, அடுத்த கச்சேரிக்கு என்ன வாசிப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே வழியில்தான் விடை தேடுகிறார்கள். பதிப்பாளரின் இணையதளத்தில் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கிறார்கள், பிடித்திருந்தால் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பதிவில் வாசிப்பவர்கள் இதையே தொழிலாகச் செய்பவர்கள். சுமாரான உருப்படியைக்கூடத் தூக்கி நிறுத்திவிடுவார்கள். அதைக் கேட்டு மட்டும் முடிவெடுத்தால் நாம் அவர்களுடைய பேண்டுக்குத்தான் இசை தேர்ந்தெடுக்கிறோம். நம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பேண்டுக்கு அல்ல.

இளையோர் பேண்டுகளோடும் அமெச்சூர் பேண்டுகளோடும் நீண்ட காலமாகப் புழங்குகிறவன் என்ற முறையில் என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். பாட்டைக் கேட்பதற்கு முன் ஸ்கோரை, அதாவது எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒன்றாக உள்ள முழு இசைத்தாளை, திறக்க வேண்டும். ஸ்கோரைத் திறந்ததும் முதல் டிரம்பெட்டைத் தேடிப் போகாமல் மூன்றாம் கிளாரினெட்டின் வரியை ஆரம்பம் முதல் கடைசி வரை விரலை வைத்துப் படிக்க வேண்டும். பேண்டிலேயே அனுபவம் குறைந்தவர்கள் உட்காரும் இடம் பெரும்பாலும் அதுதான். அவர்கள் எண்ணிக்கையும் அதிகம். அவர்களுக்கு அந்த உருப்படியில் என்ன கிடைக்கிறது என்பதை வைத்தே அதை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்பது என் நம்பிக்கை.

கிளாரினெட் வாசிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு 'பிரேக்' என்றால் என்னவென்று தெரியும். நடு மண்டலத்தில் பி ஃபிளாட் வாசிக்கும்போது இடது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மேலே உள்ள இரண்டு விசைகளில் இருந்தால் போதும், துளைகள் எல்லாம் திறந்தே கிடக்கும். அதற்கு அடுத்த ஸ்வரமான பி நேச்சுரலுக்குப் போனால் எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும், சுண்டுவிரலும் வேலை செய்ய வேண்டும். அரை ஸ்வரம்தான் இடைவெளி. ஆனால் விரல் ஒன்று அரைகுறையாக மூடினாலும் கீச்சென்று கத்திவிடும். முதல் வருடப் பிள்ளை இந்த எல்லையைக் கடக்க மெதுவான நேரம் வேண்டும். நல்ல இசையமைப்பாளர் அந்த இடத்தை அடுத்தடுத்த ஸ்வரங்களாக, நிதானமாக ஏற வைப்பார். கவனமில்லாதவர் எட்டாம் பாக ஸ்வரங்களில் மேலும் கீழும் தாவ விடுவார். அட்டையில் இரண்டுக்கும் ஒரே கிரேடுதான், அதாவது கடினத்தைக் காட்டும் ஒரே எண்தான், போட்டிருக்கும்.

டிராம்போனிலும் இப்படி ஒன்று உண்டு. கீழ் பி ஃபிளாட்டுக்கு ஸ்லைடு முழுவதும் உள்ளே இருக்கும், முதல் பொசிஷன். அதை ஒட்டியுள்ள பி நேச்சுரலுக்கு ஏழாம் பொசிஷன், ஸ்லைடு கடைசி வரை வெளியே போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கை எட்டவே எட்டாது. பியானோவில் உட்கார்ந்து எழுதுபவருக்கு அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள். அந்தப் பிள்ளை உடம்பையே முன்னால் வளைத்துத் துரத்துவதையும், அதற்குள் தாளம் அடுத்த பாருக்கு (தாளச் சுற்றுக்கு) போய்விடுவதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குத் திறமை இல்லை என்று சொல்லக் கூடாது. தேர்ந்தெடுத்தவர் பார்த்திருக்க வேண்டும்.

கிரேடு என்பது பதிப்பாளர் கடைக்காக ஒட்டும் முத்திரை. ஒருவர் 1 முதல் 5 வரை போடுவார், இன்னொருவர் 6 வரை போவார், ஒருவரின் இரண்டு இன்னொருவரின் மூன்று. சுரவரிசை எவ்வளவு உயரம் போகிறது, தாளக்கணக்கு எவ்வளவு சிக்கல், ஸ்வரத்தை அரை ஸ்வரம் ஏற்றும் ஷார்ப் எத்தனை, இறக்கும் ஃபிளாட் எத்தனை என்பதையெல்லாம் அது ஓரளவு காட்டும். டிரம்பெட்காரரின் உதடு எத்தனை பாருக்கு ஓய்வில்லாமல் தாங்க வேண்டும் என்பதைக் காட்டாது. ஃபிரெஞ்சு ஹார்ன் ஒருவர் மட்டும் தனியாக, மெதுவாக, மேல் ஸ்வரத்தில் நுழைய வேண்டியிருக்கிறதா என்பதையும் காட்டாது. ஹார்னில் மேலே போகப் போக ஸ்வரங்கள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும், உதட்டின் இறுக்கம் ஒரு இழை மாறினால் பக்கத்து ஸ்வரம் வந்துவிடும். கிரேடு 2 என்று போட்ட உருப்படியில் அப்படி ஒரு நுழைவு இருந்தால் அதை வாசிப்பவருக்கு அது கிரேடு 4தான்.

சுருதியைப் பற்றிச் சுருக்கமாக. இளையோர் பேண்டுக்கு எழுதுபவர்கள் பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப் ஆகியவற்றையே சுற்றி வருவது சோம்பேறித்தனத்தால் அல்ல. கிளாரினெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் தாளில் வேறு சுருதியில்தான் எழுத வேண்டும், அதனால் பேண்ட் ஜி மேஜரில் வாசித்தால் கிளாரினெட்டுக்கு மூன்று ஷார்ப், ஆல்டோ சாக்ஸபோனுக்கு நான்கு ஷார்ப். கிட்டார் பாட்டை அதே சுருதியில் பேண்டுக்கு மாற்றி எழுதிவிட்டு, பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள் என்று கேட்பதில் நியாயமில்லை.

அப்புறம், நம் பேண்டில் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு. ஸ்கோரில் எல்லாக் கருவிக்கும் வரி இருக்கும். அறையில் இருக்காது. ஓபோ இல்லை, பசூன் இல்லை, ஹார்ன் ஒன்று, டியூபா ஒன்று, ஆல்டோ சாக்ஸபோன் மட்டும் வரிசையாக எட்டு. இதுதான் நிஜம். ஓபோவுக்கு ஒரு அழகான தனிப்பகுதி இருக்கிறது என்று மயங்குவதற்கு முன், அதே வரி ஃப்ளூட்டிலோ கிளாரினெட்டிலோ சிறிய ஸ்வரங்களாக, 'க்யூ' என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கச்சேரியில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும். பேஸ் வரியையும் அப்படியே பார்க்க வேண்டும். டியூபா, பாரிடோன் சாக்ஸபோன், பேஸ் கிளாரினெட் மூன்றும் ஒரே வரியை வாசித்தால் ஒருவர் வராத நாளிலும் கட்டடம் விழாது.

பெரிய இசையமைப்பாளர்கள் இதையெல்லாம் யோசிக்காதவர்கள் இல்லை. குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909இல் எழுதிய ஈ ஃபிளாட் சூட் (பல பகுதிகள் கொண்ட இசைத்தொகுப்பு), இன்றுவரை காற்றிசை பேண்டுகளின் அடிப்படை நூல் போல இருப்பது. அதில் பல கருவிகளுக்கு, இருந்தால் வாசிக்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்றுதான் குறித்திருக்கிறார். அது சின்னப் பிள்ளைகளுக்கான உருப்படி அல்ல, நன்றாகத் தேறிய பேண்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அதன் ஆரம்பத்தைப் பாருங்கள். எட்டு பார் நீளமுள்ள மூல மெட்டு டியூபாவிலும் யூபோனியத்திலும் தொடங்குகிறது. வழக்கமாகப் பின்வரிசையில் 'பூம் பூம்' என்று மட்டும் ஊதுகிறவர்கள் கையில் முழு படைப்பின் விதையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஸ்கோரிலும் நான் இதைத்தான் தேடுகிறேன்: மெட்டு ஒரு தடவையாவது தாழ்ந்த கருவிகளுக்குப் போகிறதா?

பெர்சி கிரெய்ஞ்சர் இன்னும் ஒரு படி மேலே போனவர். எந்தக் கருவி எத்தனை பேர் என்று கட்டிப்போடாமல், இருப்பவர்களை வைத்து வாசிக்கும்படி நெகிழ்வாக எழுதும் முறையை 1920களின் இறுதியிலேயே வலியுறுத்தினார். இன்று 'ஃப்ளெக்ஸ்' என்ற பெயரில் நான்கு ஐந்து குரல்களாக, எந்தக் குரலை எந்தக் கருவியும் எடுத்துக்கொள்ளும்படி வரும் பதிப்புகள் அதே வழியில் வந்தவை. 2020இல் கொரோனா காலத்தில் பாதி பேர் வர முடியாமல் போனபோது இவை நிறைய வெளிவந்தன. பதினைந்து பேர் உள்ள பேண்ட் அறுபது பேருக்கு எழுதியதை ஓட்டை ஓட்டையாக வாசிப்பதைவிட இதை வாசிப்பது எவ்வளவோ மேல். இதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

தாளக்கருவிப் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். ஸ்னேர் டிரம் ஒருவர், பேஸ் டிரம் ஒருவர், மீதி நான்கு பேர் சுவரில் சாய்ந்து நிற்பது பல பேண்டுகளில் வழக்கம். அறுபத்து நான்கு பார் எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு ஒரே ஒரு சிம்பல் தட்டுவதற்கு ஒரு பிள்ளை வாரா வாரம் வருமா? சைலபோனுக்கும் கிளாக்கென்ஸ்பீலுக்கும் ஒழுங்கான பார்ட் இருக்கும் உருப்படியை எடுத்தால் அவர்களும் ஸ்வரம் படிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். மெதுவான உருப்படிகள். கச்சேரி என்றால் வேகமும் சத்தமும்தான் என்று நினைத்து, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இடி மின்னலாகத் தொடங்கி, நடுவில் கொஞ்சம் இளைப்பாறி, திரும்ப இடி மின்னலாக முடியும் உருப்படிகளையே அடுக்குகிறார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெயர் மட்டும்தான் வித்தியாசம். வேகத்தில் சுருதி பிசகினாலும் யாருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாமலே போய்விடும். ஃபிராங்க் எரிக்சன் 1956இல் வெளியிட்ட 'ஏர் ஃபார் பேண்ட்' போன்ற ஒன்றை எடுத்துப் பாருங்கள். விரலுக்குக் கஷ்டமான இடம் அதிகம் கிடையாது. ஆனால் ஒரு நீண்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் கொண்டுபோக வேண்டும், பக்கத்தில் இருப்பவரின் சுருதியோடு தன் சுருதியைச் சேர்க்க வேண்டும், மெட்டு தன்னிடம் இல்லாதபோது அடங்கி வாசிக்க வேண்டும். பேண்டில் சேர்ந்து வாசிப்பது என்றால் அதுதானே? இரண்டு கிளாரினெட்டுகளின் சுருதி சேராதபோது காதில் ஒரு துடிப்பு கேட்கும். மெதுவாக வாசிக்கும்போது பிள்ளைகளே அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். சொல்லிக்கொடுக்காமல் அவர்களே காதால் பிடிக்கும் அந்தப் பழக்கம் வேகமான உருப்படியில் கிடைக்காது.

சினிமாப் பாட்டு, பாப் பாட்டு தொகுப்புகளுக்கு நான் எதிரி இல்லை. கேட்பவர்களும் பிள்ளைகளும் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. பிரச்சினை அவை எழுதப்படும் விதத்தில்தான். பாடகர் இயல்பாகத் தாளத்துக்கு முன்னும் பின்னும் நழுவிப் பாடியதை அப்படியே ஸ்வரக்குறிகளாக எழுதினால், ஸ்வரங்களை இணைக்கும் டையும், தாளத் தட்டுக்கு இடையில் விழும் ஆஃப்பீட்டும் நிறைந்து பக்கம் கறுத்துவிடும். பாட்டாகப் பாடச் சொன்னால் எல்லாரும் பாடுவார்கள், தாளைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் ஒருவராலும் முடியாது. மெட்டு முழுக்க டிரம்பெட்டுக்கும் ஃப்ளூட்டுக்கும் போய்விடும், மற்றவர்களுக்கு நீண்ட ஸ்வரங்கள் மட்டும் மிஞ்சும். நன்றாக எழுதப்பட்ட தொகுப்புகளும் இருக்கின்றன. தேடினால் கிடைக்கும்.

நேரக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், பத்து வாரம் என்றால் இருபது மணி நேரம். சுருதி சேர்ப்பதற்கும் தாமதமாக வருபவர்களுக்கும் அதில் நாலில் ஒரு பங்கு போய்விடும். மீதி பதினைந்து மணி நேரத்தில் ஐந்து உருப்படி என்றால் ஒன்றுக்கு மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் ஸ்வரத்தைச் சரியாகப் பிடிப்பதிலேயே தீர்ந்துவிட்டால் இசையைப் பற்றிப் பேச எப்போது நேரம்? அதனால் ஐந்தில் ஒன்று மட்டும் பேண்டின் எட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். மற்றவை, முதல் நாள் மெதுவாகப் பார்த்து வாசிக்கும்போதே நிற்காமல் கடைசி பார் வரை போய்ச் சேரும் அளவில் இருக்கட்டும். இதைச் சொன்னால் "பிள்ளைகளுக்குச் சவால் வேண்டாமா?" என்று கேட்பார்கள். எளிய உருப்படியை அழகாக வாசிப்பதைவிடப் பெரிய சவால் இல்லை. போட்டிக்காக ஒரே கடினமான உருப்படியை ஆறு மாதம் அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தால், ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த ஒன்றை மட்டும் வாசிக்கத் தெரியும், புதிதாக ஒரு தாளைக் கொடுத்தால் விழிப்பார்கள்.

பெரியவர்களின் பேண்டுக்குக் கொஞ்சம் மாற்றி யோசிக்க வேண்டும். பல பேருக்கு ஸ்வரம் படிப்பது நன்றாக வரும், வீட்டில் பயிற்சி செய்யத்தான் நேரம் இருக்காது. உதடு சீக்கிரம் களைத்துவிடும். அதனால் டிரம்பெட்டுக்கு ஓய்வில்லாத இரண்டு உருப்படிகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள், நடுவில் மரக்காற்றுக் கருவிகளுக்கு அதிக வேலையுள்ள ஒன்றைப் போடுங்கள். ஒவ்வொரு வாரமும் யாராவது வர முடியாமல் போகும், ஒரே ஆளை நம்பி நிற்கும் தனிப்பகுதிகள் உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் நாற்பது, ஐம்பது வயது மனிதர்கள். எளிமையாக எழுதியது என்பதற்காகக் குழந்தைகளுக்கான விளையாட்டுத் தலைப்போடு வரும் உருப்படியைக் கொடுத்தால் மனசு ஒட்டாது. நாட்டுப்புற மெட்டுகளையும் பழைய வழிபாட்டுப் பாடல்களையும் அடிப்படையாகக் கொண்டு பேண்டுக்கென்றே எழுதப்பட்ட உருப்படிகள் நிறைய இருக்கின்றன, அவற்றில் பல கிரேடு 2, 3 அளவிலேயே கிடைக்கும். அடுத்த கச்சேரிக்குத் தேடத் தொடங்குகிறவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம். வாங்குவதற்கு முன் ஸ்கோரின் மாதிரிப் பக்கங்களைப் பதிப்பாளர்கள் இலவசமாகவே காட்டுகிறார்கள், ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு அவற்றைப் படியுங்கள்.