ஐ8 ஃப்ளாக் போட்டால் சரியாகிவிடும் என்று மாணவர்களிடம் சொல்லாதீர்கள்

140733193388035. எம்.பி.ஐ. (ஒரே கணக்கைப் பல பிராசஸ்களாகப் பிரித்து, அவை தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் வழிமுறை) புரோகிராமில் ரேங்க் (பிராசஸின் வரிசை எண்) 3 என்று அச்சாக வேண்டிய இடத்தில் இப்படி ஒரு எண் வந்து நிற்கிறது என்று ஆராய்ச்சி மாணவர்கள் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவதுண்டு. "கிளஸ்டர்ல ஏதோ கோளாறு போல சார்" என்று கூடவே ஒரு வரி. கிளஸ்டரில், அதாவது சேர்த்து இணைத்த கணினிகளில், கோளாறு எதுவும் இல்லை. அந்த எண்ணிலிருந்து 140733193388032ஐக் கழித்துப் பாருங்கள், 3 வரும். ரேங்க் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதன் மேல்பாதியில் குப்பை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குற்றவாளி ஐ8 ஃப்ளாக், அதாவது கம்பைலருக்குக் கொடுக்கும் ஒரு கட்டளை. பெரிய எண்கள் அடங்காதபோது அதைப் போடச் சொல்வார்கள். ஃபோர்ட்ரான் மொழியில் வெறுமனே இன்டிஜர் (முழு எண்) என்று எழுதினால் வழக்கமாக 4 பைட். ஐ8 ஃப்ளாக் (ஜிஃபோர்ட்ரானில் டிஃபால்ட் இன்டிஜர் 8) போட்டால் ஒரே அடியில் எல்லாமே 8 பைட் ஆகிவிடும். ஆனால் கிளஸ்டரில் உள்ள எம்.பி.ஐ. லைப்ரரியை யாரோ எப்போதோ 4 பைட் இன்டிஜரை நம்பி கம்பைல் செய்து வைத்திருக்கிறார்கள். ஃபோர்ட்ரான் பொதுவாக மதிப்பை அனுப்பாது, முகவரியைத்தான் அனுப்பும். லைப்ரரி அந்த முகவரியில் 4 பைட் எழுதிவிட்டுப் போய்விடுகிறது. இன்டெல், ஏ.எம்.டி. சிப்களில் அது எண்ணின் கீழ்ப்பாதி. மேல்பாதியில் முன்பு என்ன கிடந்ததோ அது அப்படியே கிடக்கும். 64 பிட் லினக்ஸில் ஸ்டாக் (புரோகிராமின் தற்காலிக நினைவகம்) முகவரிகளின் மேல்பாதி 32767 என்று இருப்பதுண்டு. அப்படி ஒரு பழைய முகவரியின் மிச்சம் அங்கே இருந்தால், 32767ஐ 4294967296ஆல் (2இன் 32ஆம் அடுக்கு) பெருக்கிய தொகை உங்கள் ரேங்க்கோடு சேர்ந்துகொள்கிறது. மேலே கழிக்கச் சொன்னது அதைத்தான்.

இப்படிக் கண்ணில் அடிக்கிற மாதிரி தவறு வந்தால் அது நல்ல காலம். மேல்பாதியில் தற்செயலாகப் பூஜ்ஜியம் இருந்தால் 3 என்றே அச்சாகும், புரோகிராம் மாதக்கணக்கில் ஓடும். பிறகு ஒருநாள் கம்பைலரின் ஆப்டிமைசேஷன் (வேகப்படுத்தும்) அளவை மாற்றுவார்கள், உடையும். என்னவென்று பார்க்க நடுவில் ஒரு பிரிண்ட் போடுவார்கள், சரியாகிவிடும். எடுத்தால் மறுபடி உடையும்.

அர்ரே (எண்களின் வரிசை) அனுப்பும்போது இன்னும் மோசம். 10 உறுப்புகள் உள்ள இன்டிஜர் அர்ரேயை, எண்ணிக்கை 10, வகை எம்.பி.ஐ. இன்டிஜர் என்று அனுப்புகிறீர்கள். லைப்ரரியின் கணக்கில் அது 40 பைட். உங்கள் அர்ரே 80 பைட். முதல் 5 போய்ச் சேரும், மற்ற 5 கிளம்பவே கிளம்பாது. பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் அனுப்பும் பக்கமும் 40 என்கிறது, வாங்கும் பக்கமும் 40 என்கிறது. வாங்குகிறவர் அர்ரேயை முன்கூட்டியே பூஜ்ஜியமாக்கி வைத்திருந்தால் பின்பாதி முழுக்கப் பூஜ்ஜியம். அதை நம்பி மேற்கொண்டு கணக்கு நடக்கும், வரைபடம் வரும், கட்டுரையும் எழுதப்படும். எனக்குப் பயம் இதில்தான்.

சரி, ஐ8 யோசனை ஏன் வருகிறது? 4 பைட் இன்டிஜரின் உச்சம் 2147483647. முப்பரிமாண கிரிடில் பக்கத்துக்கு 1290 புள்ளி வைத்தால் மொத்தம் 2146689000, அடங்கிவிடும். 1291 வைத்தால் 2151685171, அடங்காது. பெருக்கல் தொகை சுற்றிக்கொண்டு மைனஸில் வந்து நிற்கும். லேப்டாப்பில் 200 புள்ளி வைத்து ஓட்டும்வரை இது தெரியாது. திருச்சி என்.ஐ.டி.யின் பரம் பொருள் சூப்பர்கம்ப்யூட்டர் மாதிரி பெரிய மெஷினில் நேரம் கிடைத்ததும் கிரிடைப் பெரிதாக்குவோம், அப்போதுதான் வெடிக்கும். உடனே சீனியர் ஒருவர் "ஐ8 போட்டுடு" என்பார். அந்தப் பெருக்கல் தொகையை வைத்திருக்கிற ஓரிரு மாறிகளை மட்டும் 64 பிட் (8 பைட்) என்று அறிவித்து, பெருக்கும் முன்பே ஒரு பக்கத்தையாவது 64 பிட்டுக்கு மாற்றினால் போதும். அதற்காக மொத்த புரோகிராமையும் லைப்ரரியோடு முட்டவிடுவது எனக்குச் சம்மதமே இல்லை.

2020இல் வந்த ஜி.சி.சி. 10 (ஜிஃபோர்ட்ரான் அடங்கிய கம்பைலர் தொகுப்பு) இந்த மாதிரி வகைப் பொருத்தமின்மைகள் பலவற்றை எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியது. உடனே எல்லோரும் மேக்ஃபைலில் (கம்பைல் கட்டளைகள் உள்ள ஃபைல்) 'அலோ ஆர்கியூமென்ட் மிஸ்மேட்ச்' ஃப்ளாகைச் சேர்த்து அதன் வாயை அடைத்துவிட்டார்கள். ஃபோர்ட்ரானில் எம்.பி.ஐ.யைச் சேர்க்கும் பழைய வழியான எம்.பி.ஐ.எஃப். இன்க்ளூட் ஃபைலை வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கான புதிய வழியான எஃப்08 மாட்யூல் 2012இலேயே எம்.பி.ஐ. 3.0உடன் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தினால் 8 பைட் மாறியை 4 பைட் இடத்தில் கொடுத்தால் கம்பைலரே தடுத்து நிறுத்தும். அந்த இன்க்ளூட் ஃபைலைக் கைவிடச் சொல்லி 2023இல் எம்.பி.ஐ. 4.1 தரநிலையே அறிவித்துவிட்டது. இன்னும் பயிற்சி வகுப்புகளில் முதல் நாள் உதாரணமாக அதையே எழுதிக்காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சந்தேகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது இது. உங்கள் லைப்ரரி ஓபன் எம்.பி.ஐ. என்றால் ஓ.எம்.பி.ஐ. இன்ஃபோ கமாண்டிலேயே ஃபோர்ட்ரான் இன்டிஜர் எத்தனை பைட் என்று இருக்கும். புரோகிராமுக்குள் பார்க்க வேண்டுமானால் டைப் சைஸ் ரொட்டீனைக் கூப்பிட்டு எம்.பி.ஐ. இன்டிஜரின் அளவைக் கேளுங்கள், உங்கள் இன்டிஜரின் அளவோடு ஒப்பிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: விடை வாங்கும் மாறியை முன்பே பூஜ்ஜியமாக்கி வையுங்கள். இல்லாவிட்டால் அதன் மேல்பாதியிலும் அதே குப்பை வந்து உட்காரும்.

எம்.பி.ஐ. மட்டுமல்ல. இன்டெலின் கணித லைப்ரரியான எம்.கே.எல்.லில் எல்.பி.64 (இன்டிஜர் 4 பைட்), ஐ.எல்.பி.64 (8 பைட்) என இரண்டு வகை உண்டு, மெட்டிஸ், பெட்ஸி என்ற லைப்ரரிகள் இரண்டிலும் இன்டெக்ஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதை கம்பைல் செய்யும்போதே முடிவு செய்கிறார்கள். சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு லாங் வகை வேண்டவே வேண்டாம், 64 பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4. எங்கும் 8 பைட்டாகவே இருக்கிற இன்ட்64 டி வகையையும் அதற்கு நேரான எம்.பி.ஐ. வகையையும் ஜோடியாக எழுதுங்கள். ஒரே மெசேஜில் 2147483647 உறுப்புகளுக்கு மேல் அனுப்ப வேண்டியவர்களுக்கு 2021இல் எம்.பி.ஐ. 4.0 தனி ரொட்டீன்களையே கொடுத்துவிட்டது.

கிளஸ்டர்களில் லைப்ரரி நிறுவித் தருகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். லைப்ரரியைத் தேர்ந்தெடுக்க கிளஸ்டரில் லோட் செய்கிற மாட்யூலின் பெயரிலேயே இன்டிஜர் 4 பைட்டா 8 பைட்டா என்று சேர்த்து எழுதிவிடுங்கள். மாட்யூல் லோட் செய்கிற பிள்ளைகளின் கண்ணில் அது ஒவ்வொரு முறையும் படட்டும்.