மண்டையோட்டுப் பலகையும் தேத்தண்ணிப் படமும்

போர் முடிந்த பிறகு 2010 இல் முகாமிலிருந்து நாங்கள் மீளக் குடியேறி வந்தபோது தம்பியின் மகனுக்கு நாலு வயது. ‘அ’ எழுதத் தெரியாது. ஆனால் பற்றை ஓரத்தில் சிவப்புப் பலகையில் மண்டையோடும் எலும்பும் கண்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவான். மிதிவெடி என்று அதில் மூன்று மொழியில் எழுதியிருந்தது, அவனைக் காப்பாற்றியது படம்தான். வன்னியில் எத்தனையோ கால்கள் மிஞ்சியதும் அப்படித்தான்.

இது இப்போது ஞாபகம் வரக் காரணம் பெரியப்பா. பரந்தன் பக்கம் வயல் செய்தவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது, கதையும் போய்விட்டது. மிஞ்சியது ‘முருகா’ என்ற ஒரேயொரு சொல். தண்ணிக்கும் முருகா, கோபத்துக்கும் முருகா. மூளையில் மொழிக்குரிய பகுதி அடிபட்டாலும் நெடுநாள் பழகிய சாமி பெயரும் தூஷணமும் சிலருக்குத் தப்பிவிடுமாம். பெரியப்பாவுக்கு முருகன் தப்பினார், பெரியம்மாவின் அதிர்ஷ்டம்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் அவருடைய காதுக்குள் கத்திக் கத்திக் கேள்வி கேட்டார். கதைக்க ஏலாதவருக்குக் காதும் கேட்காது, புத்தியும் இல்லை என்று எப்படித்தான் முடிவெடுக்கிறார்களோ! சரி, அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டில் நாங்களும் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிக் கதைத்தோம்.

மருமகள் இணையத்திலிருந்து ஒரு படமட்டை எடுத்து வந்தாள். கதைக்க ஏலாதவர் அதிலுள்ள படத்தில் விரல் வைத்து, சொல்ல வந்ததைக் காட்டலாம். ஸ்பெயினின் அரகோன் மாகாண அரசு ‘அராசாக்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான படங்களை இலவசமாகவே தருகிறது. நல்ல வேலை. ஆனால் அவள் எடுத்த மட்டையில் பாண் துண்டும் முள்ளுக்கரண்டியும் குளிக்கும் தொட்டியும். பெரியப்பா இடக்கையால் தள்ளிவிட்டார். பிறகு போனில் அவருடைய சாமான்களையே படம் எடுத்தோம்: செம்பு, புட்டு, தேத்தண்ணி, வேப்பமரத்தடிக் கதிரை, வயல், மாடு, பெரியம்மா. கூடவே ‘ஓம்’, ‘வேண்டாம்’, ‘கோவம்’, ‘நோகுது’.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. நாங்களும் மட்டையைத் தொட்டுத் தொட்டுத்தான் அவரோடு கதைக்க வேண்டும் என்பது பிறகுதான் விளங்கியது. மூன்றாம் கிழமை அவர் விரல் வைத்தார். தேத்தண்ணியாக இருக்கும் என்று நினைத்தோம். ‘வேண்டாம்’ என்ற படம். எது வேண்டாம்? தொலைக்காட்சியைக் காட்டினார். மாதக்கணக்காக அந்த மனுசனைச் சீரியலுக்கு முன்னால் இருத்தி வைத்திருந்திருக்கிறோம்! அதனால் சொல்கிறேன், படமட்டை செய்பவர்கள் சாப்பாட்டுக்கு முதல் ‘வேண்டாம்’ படத்தை ஒட்டுங்கள்.

இந்தச் சின்னங்களின் கதையில் எனக்கு நெருக்கமானவர் சார்ள்ஸ் பிளிஸ். நாசிகளின் டாஹாவ், புக்கன்வால்ட் முகாம்களில் கிடந்து, ஷாங்காய்க்கு ஓடி, அங்கிருந்து அவுஸ்திரேலியா போன யூதர். எல்லா நாட்டாரும் படத்தால் கதைத்தால் சண்டை குறையும் என்று நம்பி ஒரு குறியீட்டு முறையை உருவாக்கி 1949 இல் புத்தகமாக்கினார். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1971 இல் டொரொன்டோவில் பெருமூளை வாதத்தால் பேச முடியாத பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தார்கள். கேள்விக்குத் தலையாட்ட மட்டுமே முடிந்த பிள்ளைகள் தாங்களே கதையைத் தொடங்கினார்கள். முகாமில் இருந்துவந்த எங்களுக்கு அந்த மனுசனைக் கொஞ்சம் கூடுதலாக விளங்கும். அதே எழுபதுகளில் இங்கிலாந்தில் மார்கரெட் வோக்கர் தொடங்கிய மக்கட்டன் வேறு மாதிரி: வாயால் சொல்லிக்கொண்டே முக்கியமான சொற்களுக்குக் கைச்சைகையும் காட்டுவது. இதைக் காது கேளாதோரின் சைகை மொழியோடு போட்டுக் குழப்ப வேண்டாம். அது தனி இலக்கணமுள்ள முழு மொழி.

“படத்தைக் காட்டிப் பழக்கினால் பிள்ளைக்குப் பேச்சே வராது” என்று எங்கள் ஊரில் ஒரு பயம் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பேச்சு தடைப்படுவதில்லை, சிலருக்குக் கூடவும் செய்கிறது. அடுத்தது வெட்கம். தேர்தலில் வீட்டுக்கும் சைக்கிளுக்கும் படம் பார்த்துப் புள்ளடி போடுகிறோமே, அதில் யாருக்கு வெட்கம் வந்தது?

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. பேச்சுக்குத் துணையான, மாற்றான வழிகளும் தொடர்பாடல்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் (ஓபிடி) நம்பர் துண்டு கொடுக்கும் இடத்தில் ஒரு படமட்டையைக் கட்டித் தொங்கவிட என்ன செலவு வரும்? லமினேட் பண்ணும் காசுதானே.

பெரியப்பாவின் மட்டையில் முறிகண்டிக் கச்சான் படம் இன்னும் ஏறவில்லை. அவருக்குப் பல் இல்லை, எதற்கு என்கிறா பெரியம்மா. அவர் ‘கோவம்’ படத்தில் வைத்த விரலை எடுக்காமல் இருக்கிறார்.