எட்டாவதாக வருபவருக்கும் ஒரு புள்ளி

தடகளம் என்றாலே தனிமனித விளையாட்டு, அதில் அணி என்று என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை உட்கார வைத்து அமெரிக்கக் கல்லூரிகளின் ஆண்கள் உள்ளரங்கத் தடகள சாம்பியன்ஷிப்பை ஒரு தடவையாவது பார்க்க வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. என்சிஏஏ என்கிற கல்லூரி விளையாட்டு அமைப்பின் முதல் டிவிஷன் போட்டியைத்தான் சொல்கிறேன். மார்ச் மாதத்தில் இரண்டே நாளில் முடிந்துவிடும். நம் ஆட்கள் பெரும்பாலும் ஒலிம்பிக்ஸ், உலக சாம்பியன்ஷிப், ஆசிய விளையாட்டு பார்ப்பதோடு சரி. அங்கே ஐந்தாவதாக வந்தவரின் பெயர் மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. இங்கே ஐந்தாவதாக வருபவர் தன் கல்லூரிக்கு 4 புள்ளி சேர்த்துவிட்டுப் போகிறார். முதலிடத்துக்கு 10, அடுத்து 8, 6, 5, 4, 3, 2, எட்டாவது இடத்துக்கு 1. மொத்தம் 17 போட்டிகள், 60 மீட்டரில் தொடங்கி 5000 மீட்டர், தாண்டுதல்கள், குண்டு எறிதல், ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லான், தொடர் ஓட்டங்கள் வரை. எல்லாம் கூட்டி யாரிடம் அதிகமோ அந்தக் கல்லூரிக்குக் கோப்பை.

விதி இவ்வளவுதான். ஆனால் இது ஓடுகிறவனின் மனதை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். 5000 மீட்டர் என்றால் 200 மீட்டர் டிராக்கில் 25 சுற்று. 23 சுற்று ஓடி முடித்த நிலையில் ஒருவன் ஒன்பதாவதாக இருக்கிறான், முன்னால் போகிற கூட்டம் அரைச் சுற்று தள்ளிப் போய்விட்டது, பதக்கம் என்ற பேச்சே இல்லை. வேறு எந்தப் போட்டியாக இருந்தாலும் அவன் மெதுவாக ஓடி முடித்துவிட்டு வரலாம், யாரும் கேட்கப் போவதில்லை. இங்கே அவனுக்கு முன்னால் எட்டாவதாக ஓடுபவனின் முதுகில் ஒரு புள்ளி இருக்கிறது. கோச் வளைவில் நின்று கத்துகிறார். அந்த ஒரு புள்ளிக்காக அவன் கடைசி 400 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். முன்னால் ஜெயித்தவர் கைதூக்கிக்கொண்டு நிற்கும்போது பின்னால் நடக்கிற இந்தச் சண்டையை கேமரா பல தடவை காட்டுவதே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

பெரிய பெயர்களும் இதே கணக்குக்குள்தான் வருகிறார்கள். 2019 இல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் நடந்த போட்டியில் புளோரிடா பல்கலைக்கழகத்தின் கிராண்ட் ஹாலோவே 60 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை 7.35 விநாடியில் ஜெயித்தார். அத்தோடு போயிருக்கலாம், அப்போதே உலகத்தரம் அது. ஆனால் தடையில்லாத 60 மீட்டரிலும் இறங்கி 6.50 இல் அதையும் ஜெயித்தார், நீளம் தாண்டுதலிலும் புள்ளி எடுத்தார். புளோரிடா அந்த வருடம் சாம்பியன் ஆனது 55 புள்ளியில், அதில் 20 இவருடைய இரண்டு ஓட்ட வெற்றிகளில் மட்டும் வந்தது. பாரிஸ் ஒலிம்பிக்ஸில் அவர் தங்கம் வாங்கியபோது எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு ஹாலோவே என்றால் கல்லூரி ஜெர்சியில் ஒரு போட்டியிலிருந்து அடுத்த போட்டிக்கு ஓடிக்கொண்டிருந்த அந்தப் பையன்தான். தொழில்முறை வீரர் யாரும் தன் உடம்பை இப்படிப் பணயம் வைக்க மாட்டார், வைக்கவும் தேவையில்லை.

ஒரிகனுக்கு ஓடிய எட்வர்ட் செசெரெக் இன்னொரு உதாரணம். கென்யாவில் பிறந்தவர். 2016 இல் முதல் நாள் மாலை 5000 மீட்டரை ஜெயித்தார், அதே மாலை டிஸ்டன்ஸ் மெட்லி என்கிற தொடர் ஓட்டத்தில் (1200, 400, 800, 1600 என்று நான்கு பேர் ஓடுவது) கடைசி ஆளாக பேட்டனை வாங்கி அதையும் ஜெயித்தார், மறுநாள் 3000 மீட்டரும் அவருக்கே. கிராஸ் கன்ட்ரி, உள்ளரங்கம், வெளியரங்கம் எல்லாம் சேர்த்து 17 கல்லூரிப் பட்டங்கள். உலக அளவில் சீனியர் பிரிவுப் பதக்கம் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை, அதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படவில்லை. அவர் ஓடிய போட்டியின் இலக்கணப்படி அவரைவிடப் பெரிய ஆள் கிடையாது.

சரி, இதில் கோச் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆர்கன்சா. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் பிறந்த ஜான் மெக்டொனெல் அங்கே கோச்சாக இருந்தபோது 1984 முதல் 1995 வரை தொடர்ந்து 12 வருடம் உள்ளரங்கப் பட்டம் ஆர்கன்சாவுக்கே. பன்னிரண்டு! ஒரு மாணவன் நான்கு வருடம்தான் இருப்பான், அப்படியென்றால் மூன்று தலைமுறை மாணவர்கள் மாறியும் கோப்பை மாறவில்லை. அவர் காலத்தில் மொத்தம் 19 உள்ளரங்கப் பட்டங்கள். இதற்கு நேர் எதிராக, 1973 இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் கல்லூரி, ஒரு சிறிய கத்தோலிக்கக் கல்லூரி, இதே கோப்பையை வாங்கியிருக்கிறது. இன்று அப்படி நடக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, ஆனால் 1965 இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய இந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவும் இருக்கிறது.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தகுதி பெறும் முறை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தனிநபர் போட்டி ஒவ்வொன்றுக்கும் அந்த சீசனின் பட்டியலில் முதல் 16 பேர், தொடர் ஓட்டத்துக்கு 12 அணிகள். கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் என்ன ஆகிறது? ஜனவரி, பிப்ரவரி முழுக்க எல்லோரும் வேகமான டிராக்கைத் தேடி ஓடுகிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிராக் அதில் பிரசித்தம். நம்ம குல்வீர் சிங் 2025 பிப்ரவரியில் 5000 மீட்டரை 12 நிமிடம் 59.77 விநாடியில் ஓடியது அங்கேதான். வளைவு உயர்த்தப்படாத டிராக்கில் ஓடினால் ஒரு கழிவு, உயரமான ஊரில் நீண்ட தூரம் ஓடினால் இன்னொரு கழிவு என்று நேரத்தை மாற்றிக் கணக்கிடும் அட்டவணைகள் வேறு. வேகம் பிடித்துக் கொடுக்க முன்னால் ஒருவரை ஓடவிட்டு, பின்னால் வரிசையாக ஓடி நேரத்தைப் பதிவு செய்துவிட்டு அடுத்த பேருந்தில் ஊர் திரும்புகிறார்கள். பக்கத்துக் கல்லூரியோடு நேருக்கு நேர் மோதி ஜெயிப்பது என்பது குளிர்காலத்தில் அபூர்வமாகிவிட்டது. மார்ச்சில் மட்டும் திடீரென்று எல்லோரும் பந்தயம் ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அந்த மார்ச்சிலும் 200, 400 மீட்டர் இறுதிப் போட்டியை எட்டு பேரையும் ஒன்றாக வைத்து ஓட்டுவதில்லை. வளைவு குறுகலானது, உள் லேனில் ஓடுபவருக்கு அநியாயம், அதனால் நான்கு நான்கு பேராகப் பிரித்து இரண்டு தடவை ஓடவிட்டு நேரத்தை வைத்து இடம் கொடுக்கிறார்கள். உலக உள்ளரங்கப் போட்டியில் இதே பிரச்சினைக்காக 200 மீட்டரை 2004 க்குப் பிறகு எடுத்தே விட்டார்கள். கல்லூரிகள் அதை விடாமல் வைத்திருப்பதில் எனக்குச் சந்தோஷமே. 2017 இல் டென்னசியின் கிறிஸ்டியன் கோல்மன் 20.11 ஓடியதைப் பார்த்தவர் யாரும் அதை எடுக்கச் சொல்ல மாட்டார். ஆனாலும் முதல் பிரிவில் ஜெயித்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு ஓரத்தில் நின்று, தான் சாம்பியனா இல்லையா என்று அடுத்த நால்வரின் ஓட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. 400 க்காவது உலகப் போட்டியைப் போல ஆறு பேரை ஒன்றாக இறக்கலாம். மீதி இரண்டு இடத்துக்கு அரையிறுதி நேரத்தை வைத்துப் புள்ளி கொடுத்தால் போயிற்று.

சாதனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தப் போட்டியைப் பற்றி யாராவது எழுதினால் அதைத்தான் எழுதுகிறார்கள். 2005 இல் புளோரிடாவின் கெரன் கிளமெண்ட் இதே சாம்பியன்ஷிப்பில் 400 மீட்டரை 44.57 இல் ஓடி மைக்கேல் ஜான்சனின் உள்ளரங்க உலக சாதனையை உடைத்தார். 2018 இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் (யுஎஸ்சி) மைக்கேல் நார்மன் 44.52 ஓடினார், அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. அதே நாள் அவரும் ராய் பெஞ்சமினும் இருந்த அணி 4×400 ஐ 3 நிமிடம் 0.77 விநாடியில் முடித்தது, அதுவும் ஏற்கப்படவில்லை, பெஞ்சமின் அப்போது ஆன்டிகுவா நாட்டுக்காரராக இருந்ததால். 2024 இல் ஜார்ஜியாவுக்கு ஓடிய கனடாக்காரர் கிறிஸ்டோபர் மொராலஸ் வில்லியம்ஸ் தங்கள் கான்ஃபரன்ஸ் (சில கல்லூரிகள் சேர்ந்த குழு) போட்டியில் 44.49 ஓடினார், ஸ்டார்ட்டிங் பிளாக்கில் தேவையான கருவி இணைக்கப்படவில்லை என்று அதுவும் தள்ளப்பட்டது. கோபம் வரத்தான் செய்கிறது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் ஒரு கருவியை மாட்ட முடியாதா? ஆனால் யோசித்துப் பார்த்தால், உலகச் சம்மேளனம் ஏற்காத அந்த ஓட்டங்களுக்கும் அவர்களின் கல்லூரிப் பட்டியலில் புள்ளி ஏறியது. அதை யாரும் பறிக்கவில்லை.

நம்ம பக்கத்துத் தொடர்பு ஒன்றும் இதில் இருக்கிறது. டில்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர் கான்சஸ் மாகாணப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையில் படித்தவர். 2018 பிப்ரவரியில் கான்ஃபரன்ஸ் உள்ளரங்கப் போட்டியில் உயரம் தாண்டுதலில் 2.28 மீட்டர் தாண்டினார், பிறகு 2018 லும் 2022 லும் வெளியரங்கக் கல்லூரி சாம்பியன். 2022 ஜூனில் சென்னையில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான போட்டிக்கு வரவில்லை என்று காமன்வெல்த் அணியில் அவரைச் சேர்க்கவில்லை, டில்லி உயர்நீதிமன்றம் வரை போய்த்தான் இடம் கிடைத்தது, போனவர் வெண்கலத்தோடு வந்தார். உயரம் தாண்டுதலில் இந்தியாவின் முதல் காமன்வெல்த் பதக்கம் அது. அந்தச் சமயம் நம் ஊரில் பலர், அங்கே கல்லூரிக்காகத் தாண்டுவதை ஏதோ பொழுதுபோக்கு போலப் பேசினார்கள். அவருடைய படிப்புச் செலவைக் கொடுத்தது அந்தக் கல்லூரி, அவருடைய ஒவ்வொரு முதலிடமும் அந்த அணிக்குப் பத்துப் புள்ளி. அந்தக் கடமையை மதிக்கத் தெரியாமல் அவரைக் குறை சொன்னது தவறு என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

இப்போது நான் இதை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். பணம் குறைகிறது என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னால் கத்தி பெரும்பாலும் ஆண்கள் தடகளத்தின் மேல்தான் விழுகிறது. 2020 இல் பிரவுன் பல்கலைக்கழகம் நீக்கியது, அந்த அணியில் கறுப்பின மாணவர்கள் அதிகம் என்று எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் திரும்பக் கொண்டுவந்தது. அதே வருடம் நவம்பரில் கிளெம்சன் அறிவித்தது, சட்ட நெருக்கடி வந்த பிறகு அடுத்த ஏப்ரலில் பின்வாங்கியது. மினசோட்டா முழுதாகப் பின்வாங்கவில்லை. வெளியரங்க அணியை வைத்துக்கொண்டு ஆண்கள் உள்ளரங்க அணியை மட்டும் எடுத்துவிட்டது. ஏப்ரலிலும் பனி பெய்கிற மாகாணம் அது!

காரணம் என்னவென்றால், கிராஸ் கன்ட்ரி, உள்ளரங்கம், வெளியரங்கம் மூன்றிலும் ஓடும் ஒரே மாணவனை ஆண்-பெண் சமத்துவச் சட்டத்தின் கணக்கில் மூன்று பேராக எண்ணுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றே நூறு பேருக்கு மேல் விழுங்குகிறது, அதைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. ஆகவே ஓட்டக்காரனை எடுத்தால் காகிதத்தில் மூன்று ஆண்கள் குறைகிறார்கள். இதற்காகப் பெண்கள் விளையாட்டின் மேல் பழி போடுபவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை, அந்தச் சட்டம் வந்ததால்தான் எத்தனையோ பெண்கள் ஓடுகிறார்கள். பழி கால்பந்துக்குக் கொட்டிக் கொடுக்கிறவர்கள் மேல்.

கல்லூரி வீரர்கள் பணம் கேட்டு என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசம் வந்த பிறகு இது இன்னும் இறுகுகிறது. கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருடம் ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடி 5 லட்சம் டாலர் வரை. வீரர்களுக்குப் பணம் கிடைப்பது நியாயமே. ஆனால் அதில் பெரும்பங்கு போகப்போவது கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும். கூடவே இதில் சேர்ந்த கல்லூரிகளில் தடகள அணிக்கு 45 பேர் என்று உச்சவரம்பு. முன்பெல்லாம் ஆண்கள் அணி முழுமைக்கும் 12.6 உதவித்தொகைதான், அதைப் பிய்த்துப் பிய்த்துப் பலருக்குக் கொடுப்பார்கள், மீதிப் பேர் சொந்தக் காசில் படித்துக்கொண்டு அணியில் ஓடுவார்கள். உச்சவரம்பு வந்தால் முதலில் வெளியே போவது அந்தச் சொந்தக் காசுப் பையன்தான். பதினெட்டு வயதில் சுமாராக ஓடி, நான்காவது வருடத்தில் திடீரென்று எட்டாவது இடத்துக்கு வந்து நிற்பவன் அவன்தான்.

2020 மார்ச் 12 அன்று அல்புகர்க்கியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். மறுநாள் போட்டி, வீரர்கள் ஊருக்கு வந்து டிராக்கில் பயிற்சியும் பார்த்தாயிற்று, கொரோனாவால் ரத்து. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் வசந்தகால விளையாட்டுகளுக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தவர்கள், குளிர்கால விளையாட்டுகளுக்கு அன்று கொடுக்கவில்லை. கடைசி வருட மாணவர்களின் உள்ளரங்கக் காலம் அந்த அறிவிப்போடு முடிந்துபோனது.

2025 இல் வர்ஜீனியா பீச்சில் யுஎஸ்சி கோப்பை வாங்கியது, 1972 க்குப் பிறகு முதல் தடவையாக. அதற்கு 53 வருடம் அந்த அணி இருந்திருக்க வேண்டும் அல்லவா? அணியை நீக்க நினைக்கும் நிர்வாகங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கிளெம்சன் முதலில் செய்தது போல நவம்பரில் சொல்லி அடுத்த கோடையில் கதவைச் சாத்தாதீர்கள். இன்று முதல் வருடத்தில் இருக்கிற பையன் பட்டம் வாங்கும் வரை, முழு நான்கு சீசனும் அணியை ஓடவிடுங்கள், அதற்கான பணத்தைக் கால்பந்து கோச்சின் அடுத்த ஒப்பந்தத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.