பொறந்தவன் காதில் விழாத வார்த்தை

நம் சினிமாவில் கருமி என்றாலே சிரிப்புக்குத்தான். நேற்று ராத்திரி, டிக்கன்ஸ் எழுதிய ஸ்க்ரூஜ் என்ற கருமியின் கதையை வைத்து 1951-ல் வந்த 'ஸ்க்ரூஜ்' படத்தை மறுபடி பார்த்தேன். சிரிக்க முடியவில்லை. அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

டிக்கன்ஸ் கதையில் ஸ்க்ரூஜின் உடன்பிறந்தவள் ஃபேன் ஒரு பிள்ளையை விட்டுவிட்டுச் செத்துப்போனாள் என்பதோடு சரி. படம் அந்தச் சாவுப் படுக்கையையே காட்டுகிறது. பிள்ளை பெற்றுக் கிடக்கிறாள். ஸ்க்ரூஜ் அறையை விட்டுப் போன பிறகுதான் அவளுக்குப் பேச்சு வருகிறது: "என் பையனைப் பார்த்துக்கோ." கிழவனான பிறகு, பழைய நாட்களைக் காட்ட வந்த ஆவியோடு நின்றுதான் அதைக் கேட்கிறான். ஸ்க்ரூஜாக நடித்த அலஸ்டேர் சிம் அங்கே உடைந்து அழுவதைப் பாருங்கள். அந்தப் பையனை அத்தனை வருஷமும் வாசலோடு விரட்டியவன் அவன்.

தாய்மாமன் இல்லாமல் ஒரு சீரும் நடக்காத கொங்குநாட்டில் இருந்துகொண்டு இதை எப்படிக் கடந்துபோவது?

மாமன் கல்யாணத்தில், மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் நிற்கிற இணைச்சீருக்கு நின்றவள் எங்கம்மா. 1989-ல் தமிழ்நாட்டில் பெண்பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தபோது, அதற்கு முன்பே கல்யாணமான அம்மாவுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் மத்தியச் சட்டம் மாறியதும் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தோடு மாமன் வந்தார். "என்ற பொறந்தவனுக்கு இல்லாததா?" என்று அம்மா கையெழுத்துப் போட்டாள். அதோடு மாமன் வரத்து நின்றது. வெட்கம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். இல்லை. வந்தால் ஒரு சேலை எடுக்கணும், நோம்பிக்கு அழைக்கணும். அந்தக் கணக்குத்தான்.

காசைப் பிடித்து வைப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வருகிற மண் இது. எங்க அப்பிச்சி, அம்மாவோட அப்பா, கிழிந்த சாக்கைக்கூட உதறி மடித்து வைப்பார். ஆனால் ஆடி நோம்பிக்கு ஒரு சாக்குத் தேங்காயோடு பஸ் ஏறி மகள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் கருமி இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி நாலு நாளும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "பொறந்தவன் வந்தானா கண்ணு?"

வந்தார், கோடி போட. மடிப்புக் கலையாத அரக்குச் சேலை. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த முதல் சேலை அது. அந்த மடிப்பைப் பிரித்தவன் நான்.

படத்தின் கடைசியில் ஸ்க்ரூஜ் மருமகன் வீட்டுக்குப் போகிறான். கூடத்துக் கதவருகே தயங்கி நிற்கிறான். வேலைக்காரப் பெண் தலையசைத்து 'போங்க' என்கிறாள். எத்தனை முறை விரட்டினாலும் அந்த மருமகன் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூப்பிடுவதை விடவில்லை. நான் அம்மா போனதிலிருந்து மாமனை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

தை மாசம் பையனுக்குக் காதுகுத்து. முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் போகிறேன்.